ஒன்பது வோல்ட்

குலுக்கு, குலுக்கு என்று
ஒருவரை ஒருவர் பார்த்துக் கத்திய காலம் ஒன்று உண்டு.
மோட்டார் இல்லாத பிளாஸ்டிக் குடுவை,
இருநூறு பெயின்ட் உருண்டை கொள்ளும்.
விழுவது பூமியின் பாடு.
கழுத்தில் நாலு உருண்டை தோளோடு தோள் இடித்து நின்றுவிட்டால்
துப்பாக்கியைத் தூக்கி ஆட்ட வேண்டும்,
சில்லறை விழாத உண்டியலை ஆட்டுவது மாதிரி.
அந்தக் கலகலப்பை வைத்துத்தான்
எதிராளி நம் ஒளிவிடத்தைப் பிடிப்பான்.

கனகபுரா சாலையை விட்டு உள்ளே திரும்பினால்
தைல மரங்களுக்கு நடுவில் எங்கள் மைதானம்.
டயர் சுவர், கவிழ்த்த தார் டிரம், பச்சை வலை.
வலைக்கு இந்தப் பக்கம் தகரக் கொட்டகை.
அதில் நான், லிங்கராஜபுரம் ஜெபக்கனி,
ஐ.டி.ஐ. எலெக்ட்ரானிக்ஸ்,
ஒரு சால்டரிங் அயர்ன்,
பெயின்ட் காயாத பத்து நகம்.

நான் சேர்ந்தபோது விசிறி வைத்தவை வந்திருந்தன.
ஒன்பது வோல்ட் பேட்டரி, பொம்மைக் கார் மோட்டார், நாலு இறக்கை.
சுவிட்சைப் போட்டால் ஓயாமல் சுற்றும்;
போதும் போதும் என்று இலையை மறைத்தாலும்
கைமேல் சோற்றைக் கொட்டுகிறவரைப் போல.
பாதி உருண்டை உள்ளேயே உடையும்.
சாயங்காலம் மூடியைத் திறந்தால்
மஞ்சளும் நீலமும் குழைந்த கூழ்.
பழைய பல் பிரஷ்ஷால் வழித்தெடுப்பேன்.

பிறகு அதற்குக் கண் வந்தது.
கழுத்தின் ஒரு பக்கம் நமக்குத் தெரியாத சிவப்பு விளக்கு,
எதிர்ப்பக்கம் அதையே பார்த்திருக்கும் ஒரு புள்ளி.
நடுவில் உருண்டை நின்றால் இருட்டு.
இருட்டென்றால் ஓய்வு.
வெளிச்சம் தெரிந்தால் இடம் காலி,
சுற்று.
சும்மா இருக்கத் தெரிந்த முதல் மோட்டார்.
அதைக் கழற்றி மாட்டிய அன்று
நான் டீ குடிக்கவும் மறந்தேன்.

துப்பாக்கிகள் பொறுக்கவில்லை.
அவற்றுக்குள்ளும் மின்சாரம் போய்
நொடிக்குப் பன்னிரண்டு கேட்டன.
பூமி இழுக்கும்வரை காத்திருக்க யாருக்கு நேரம்?
சுருள்வில் வைத்த கூம்பு ஒன்று
உருண்டைகளைப் பிடரியில் பிடித்துத் தள்ளியது.
எங்கள் முதலாளி முத்தண்ணா இருபது வாங்கினார்.
'சீக்கிரம் தீர்ந்தால் சீக்கிரம் வாங்குவார்கள், கனி.'
கெட்டுப்போனால் அசல் மோட்டார் நாலாயிரம்;
எஸ்.பி. ரோட்டில் இம்தியாஸ் கடையில் எண்பது ரூபாய்.
எட்டுக்கு நான் எண்பது ரூபாய் இதயம் வைத்திருக்கிறேன்.

ஜூன் மாதம். ஈரத்தில் உருண்டைகள் ஊதிப்போயிருந்தன.
ஒரு கம்பெனியிலிருந்து முப்பத்திரண்டு பேர்,
எல்லார் முதுகிலும் 'நாம் ஒரே அணி'.
பிரியாணிக்கு நடுவில் ஒருவரின் போன் அதிர்ந்தது.
படித்தார். தட்டை மூடிவைத்தார்.
சட்டையில் ஒட்டிய சீட்டில் இளவழுதி என்று இருந்தது.
தனியாக வலைக்குள் போய்
டயர் சுவருக்கு முன்னால் நின்று விரலை அழுத்தினார்.

பதினேழு நொடி.

அதன் பிறகும் விரலை எடுக்கவில்லை.
காற்று மட்டும் வெடித்தது.
அதற்கு மேலே மோட்டார்
ர்ர்ர் என்று சுற்றிக்கொண்டே இருந்தது.
வெளிச்சம் தெரிகிறது, காலி, சுற்று;
வெளிச்சம் தெரிகிறது, காலி, சுற்று.
இரண்டு உருண்டைக்கு நடுவில் இருக்கும் காலியா,
இனி ஒன்றுமே வராத காலியா,
அந்தக் கண்ணுக்கு எப்படித் தெரியும்?

போய் சுவிட்சை அணைத்தேன்.
முகமூடிக்குள்ளிருந்து கேட்டார்:
'இது எத்தனை வோல்ட்?'
ஒன்பது என்றேன்.
'அவ்வளவுதானா?'
அவ்வளவுதான் சார்.

கொட்டகைக்குத் திரும்பி
இருநூறு உருண்டையையும்
கம்பெனி கணக்கில் எழுதினேன்.